கருவிப்பெட்டியும் கடலும்

நூல் விமர்சனம்

ஒரு முட்டையிலிருந்து ஓர் உடல் எப்படி உருவாகிறது? உயிரியலில் இதைவிடப் பழைய கேள்விகள் அதிகமில்லை. முட்டை என்பது ஒரே செல். அது இரண்டாகிறது, நான்காகிறது, எட்டாகிறது. இந்தச் செல்கள் அனைத்திலும் இருப்பவை ஒரே ஜீன்கள்தாம். அப்படியிருந்தும் ஒரு செல் தோலாகிறது, மற்றொன்று குடலாகிறது, வேறொன்று எலும்பாகிறது. யார் எந்த வேலைக்குப் போக வேண்டும் என்று இவற்றுக்குச் சொல்வது எது?

இக்கேள்விக்கு அண்மைக் காலத்தில் கிடைத்த விடைகளைப் பொது வாசகருக்கு எடுத்துச் சொல்லும் ஆங்கில நூல்களில் முன்வரிசையில் வைக்கத் தக்கது 'எண்ட்லெஸ் ஃபார்ம்ஸ் மோஸ்ட் பியூட்டிஃபுல்'. 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆசிரியர் ஷான் பி. கரோல், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பழ ஈக்களையும் வண்ணத்துப்பூச்சிகளையும் ஆராய்ந்து புகழ் பெற்றவர். நூலின் தலைப்பை, டார்வின் 1859இல் வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் கடைசி வாக்கியத்திலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்.

வெளிவந்து இருபது ஆண்டுகளான ஒரு நூலை இப்போது ஏன் எடைபோட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. இந்நூல் பரப்பிய 'கருவிப்பெட்டி' என்ற உவமை நூலைத் தாண்டிச் சென்றுவிட்டது. வகுப்பறைகளிலும் சொற்பொழிவுகளிலும் அதுவே உண்மையின் முழு வடிவம்போல் வழங்குகிறது. தமிழ் வழியில் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் மாணவர் ஒருவர் கருவளர்ச்சியைப் பற்றி முதலில் கேட்கும் கருத்தும் பெரும்பாலும் இதுவே. எனவே அந்த உவமை எந்த அளவுக்குச் சரி, எந்த இடத்தில் நம்மை வழி தவறச் செய்கிறது என்று பார்ப்பது பயனுள்ள வேலை. அதற்கு ஏற்ற உரைகல் கடல். விலங்குலகின் பெரும்பிரிவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கடலில் பிரதிநிதிகள் உண்டு. சில பிரிவுகள் கடலைவிட்டு வெளியே வந்ததே இல்லை.

நூல் சொல்வது என்ன?

நூலின் வாதத்தை மூன்று படிகளில் சுருக்கிவிடலாம்.

முதற்படி: உடலைக் கட்டும் ஜீன்கள் விலங்குக்கு விலங்கு வேறுபட்டவை அல்ல. ஈயின் கண்ணுக்கு ஒரு ஜீன் இன்றியமையாதது. அதே ஜீனின் உறவு எலியிலும் மனிதனிலும் இருக்கிறது. 1995இல் சுவிட்சர்லாந்தில் வால்டர் கெரிங்கின் குழுவினர் எலியின் ஜீனை ஈயின் காலில் இயங்கச் செய்தார்கள். காலில் கண் முளைத்தது. எலியின் கண் அன்று, ஈயின் கண்! இவ்வாறே, உடலின் முன்பின் வரிசையை வகுக்கும் ஹாக்ஸ் ஜீன்கள் ஈயில் 8 உள்ளன. மனிதனில் நான்கு தொகுதிகளாக 39 உள்ளன. இத்தகைய பொது ஜீன்களைத்தான் கரோல் 'கருவிப்பெட்டி' என்கிறார்.

இரண்டாம் படி: ஒவ்வொரு ஜீனின் அருகிலும் 'சுவிட்ச்' போன்ற டி.என்.ஏ. பகுதிகள் உண்டு. ஜீன் எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் இயங்க வேண்டும் என்பதை அவை தீர்மானிக்கின்றன. ஒரே ஜீனுக்குப் பல சுவிட்சுகள் இருக்கலாம். ஒன்று காலுக்கு, ஒன்று சிறகுக்கு, ஒன்று மூளைக்கு.

மூன்றாம் படி: ஆகவே பரிணாமத்தில் புதிய வடிவங்கள் தோன்றப் புதிய ஜீன்கள் வேண்டியதில்லை. பழைய ஜீன்களின் சுவிட்சுகள் மாறினால் போதும்.

இந்த இரண்டாம் படியை விளக்கும் பகுதியே நூலின் மணிமகுடம். ஜீன் என்றாலே புரதத்துக்கான எழுத்து வரிசை என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்களுக்கு இப்பகுதி கண்ணைத் திறந்துவிடும். உதாரணங்கள் பொருத்தமானவை, படங்கள் தெளிவானவை, நடை தடங்கலின்றி ஓடுகிறது. அறிவியலில் கடினமான ஒன்றை எளிதாக்கும்போது அதைக் கொச்சைப்படுத்தாமல் இருப்பது அரிய திறமை. அது ஆசிரியரிடம் நிறையவே இருக்கிறது.

ஆனால், ஒருவர் தம் வீட்டு ஜன்னல் வழியே பார்த்தால் தெருவின் ஒரு பகுதிதான் தெரியும். கரோலின் ஜன்னல் பூச்சிகளின் ஜன்னல். கடல் இந்நூலுக்குள் வருவது பெரும்பாலும் கேம்பிரியக் காலத்துப் புதைபடிவங்களாகவும், இறால் இனத்தின் கால்களாகவுமே. இன்றும் உயிரோடிருக்கும் கடல் விலங்குகளின் கருக்களை அருகில் வைத்துப் பார்த்தால் படம் எப்படி மாறுகிறது? மூன்று சாட்சிகளை அழைப்போம்.

முதற் சாட்சி: கடல் முள்ளெலி

கருவியல் என்ற துறையே ஒரு வகையில் கடல் முள்ளெலியின் முட்டையில் வளர்ந்த துறை. அதன் முட்டைகள் ஏராளம். பல இனங்களில் கரு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும். கடல் நீரிலேயே வளரும். 1891இல் ஹான்ஸ் ட்ரீஷ் என்ற ஜெர்மானியர் இரண்டு செல் நிலையிலிருந்த கருவைக் குலுக்கிப் பிரித்தார். அரை அரையாக இரண்டு உடல்கள் வரும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். வந்தவை சிறிய அளவில் இரண்டு முழு லார்வாக்கள்! உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் முட்டையில் முன்கூட்டியே ஓர் இடம் குறிக்கப்பட்டிருக்கிறது என்ற எண்ணம் அன்றே ஆட்டம் கண்டது.

மறு ஆண்டே, 1892இல், குர்ட் ஹெர்ப்ஸ்ட் என்பவர் கருக்கள் வளரும் நீரில் லித்தியம் உப்பைக் கலந்து பார்த்தார். கருவின் தோலாக வேண்டிய பகுதி குறைந்தது. குடலாகும் பகுதி பெருத்தது. பெருத்த குடல் உள்ளே மடிவதற்குப் பதிலாக வெளியே துருத்தியது. காரணம் யாருக்கும் தெரியவில்லை.

இன்னொரு சோதனை 1930களில் நடந்தது. கடல் முள்ளெலியின் கரு 16 செல் நிலையை அடையும்போது செல்கள் மூன்று அளவுகளில் இருக்கும்: நடுத்தரமானவை 8, பெரியவை 4, அடி முனையில் மிகச் சிறியவை 4. ஸ்வீடன் நாட்டு ஹோர்ஸ்டாடியஸ் அந்தச் சிறு செல்களை எடுத்து வேறொரு கருவின் மேல் முனையில் ஒட்டினார். அங்கே இரண்டாவது குடல் ஒன்று உருவாயிற்று. ஒட்டப்பட்ட செல்கள் தாமே குடலாகிவிடவில்லை. பக்கத்துச் செல்களைக் குடலாகும்படி ஏவின.

ஏவின என்றால் எப்படி? அதற்கு ஒரு செய்தி போயிருக்க வேண்டும். அதைக் கொண்டுசெல்லும் ஏற்பாட்டைத்தான் இன்று 'சமிக்ஞைப் பாதை' என்கிறோம். ஒரு செல் ஒரு புரதத்தை வெளியிடுகிறது. அடுத்த செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பி அதைப் பிடிக்கிறது. உள்ளே சில புரதங்கள் ஒன்றையொன்று தூண்டியோ தடுத்தோ செய்தியைக் கைமாற்றுகின்றன. இறுதியில் உட்கருவிலுள்ள சில ஜீன்கள் விழிக்கின்றன, சில உறங்கிவிடுகின்றன. வியப்பு என்னவென்றால், விலங்குகளின் கருவளர்ச்சியில் அடிக்கடி காணப்படும் இத்தகைய பாதைகள் ஏழெட்டுத்தான்.

அவற்றுள் ஒன்று 'வின்ட்' பாதை. இப்பெயரின் பிறப்பில் இந்தியருக்கும் பங்கு உண்டு. சிறகில்லாப் பழ ஈக்களைத் தரும் 'விங்லெஸ்' என்ற ஜீன் மாற்றத்தை ஆர். பி. சர்மா 1973இல் அறிவித்தார்; 1976இல் அவரும் வி. எல். சோப்ராவும் அதை விரிவாக விவரித்தார்கள். எலியின் மார்பகப் புற்றுநோயை ஆராய்ந்த நுஸ்ஸேயும் வார்மஸும் 1982இல் 'இன்ட்-1' என்ற ஜீனைக் கண்டார்கள். இரண்டும் ஒரே குடும்பத்து ஜீன்கள் என்று 1987இல் தெரிந்தது. 'விங்லெஸ்', 'இன்ட்' என்ற இரு பெயர்களும் இணைந்து 'வின்ட்' ஆயிற்று.

வின்ட் செய்தி வராதபோது, செல்லுக்குள் 'பீட்டா-கேட்டனின்' என்ற புரதம் உண்டாக உண்டாக அழிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். அழிவுக்கான அடையாளத்தை அதன்மேல் பொறிப்பது ஜி.எஸ்.கே-3 என்ற நொதி. வின்ட் செய்தி வந்தால் அழிப்பு நின்றுவிடும். பீட்டா-கேட்டனின் பெருகி உட்கருவுக்குள் நுழைந்து ஜீன்களை முடுக்கும். லித்தியம் இந்த நொதியைத் தடுக்கிறது என்பது 1996இல் கண்டறியப்பட்டது. ஹெர்ப்ஸ்ட் கண்ட புதிர் நூற்றுநான்கு ஆண்டுகளுக்குப்பின் அவிழ்ந்தது! கடல் முள்ளெலியின் கருவில் பீட்டா-கேட்டனின் இன்றியமையாதது என்று 1998இலும் 1999இலும் வந்த ஆய்வுகள் காட்டின. அது அடி முனைச் சிறு செல்களின் உட்கருவில் குவிகிறது. அவ்வாறு குவிவதைத் தடுத்தால், பக்கத்துச் செல்களை ஏவும் சக்தியை அவை இழந்துவிடுகின்றன.

இது ஏதோ கடலடியில் நடக்கும் சங்கதி என்று தள்ளிவிட வேண்டாம். நம் பெருங்குடலின் உட்சுவர் நாள்தோறும் புதுப்பிக்கப்படுவதும் இதே பாதையின் மேற்பார்வையில்தான். அங்கே பீட்டா-கேட்டனினை அழிக்கும் ஏற்பாடு பழுதுபட்டு, செய்தி வராமலே வந்ததுபோல் செல்கள் நடந்துகொண்டால் புற்றுநோய்க்கு வழி திறக்கிறது. பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் இப்பாதையில் பழுது காணப்படுகிறது.

இனி நூலுக்குத் திரும்புவோம். சமிக்ஞைகளைப் பற்றி கரோல் பேசாமலில்லை. ஒரு காட்டுச் செடியை மேய்ந்த ஆடுகள் ஒற்றைக்கண் குட்டிகளை ஈன்றதையும், அதற்குக் காரணமான 'ஹெட்ஜ்ஹாக்' பாதையின் தடையையும் சுவையாகச் சொல்கிறார். ஆனால் நூலின் நெடுவாதத்தில் சுவிட்சே கதாநாயகன், சமிக்ஞை துணைப்பாத்திரம். சுவிட்சைப் போடும் கை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி பல இடங்களில் பின்னுக்குப் போய்விடுகிறது. கடல் முள்ளெலி நமக்குச் சொல்வது, கரு என்பது செல்கள் ஒன்றோடொன்று நடத்தும் பேச்சுவார்த்தை என்பதே. கருவிப்பெட்டி என்ற உவமையில் பேச்சு இல்லை. கருவிகள் பேசுவதில்லை அல்லவா?

அந்தப் பேச்சின் இயல்பையும் கவனியுங்கள். பள்ளிக்கூட மணியை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் அடித்தால் வகுப்புக்குப் போகிறோம். நண்பகலில் அடித்தால் சாப்பாட்டுக்கு. மாலையில் அடித்தால் வீட்டுக்கு. மணியோசை ஒன்றே. பொருள் இருப்பது ஓசையில் இல்லை. கேட்பவரிடமும் கேட்கும் நேரத்திலும் இருக்கிறது. சமிக்ஞைகளும் அப்படியே. நம் உடலில் புதிய இரத்தக் குழாய்களை வளர அழைக்கும் ஒரு புரதம் வி.இ.ஜி.எஃப். கடல் முள்ளெலியின் லார்வாவில் இரத்தக் குழாய் கிடையாது. ஆனால் அதே குடும்பத்துப் புரதம் அங்கே எலும்புச் சட்டத்தைக் கட்டும் செல்களுக்கு எங்கே கூட வேண்டும் என்று வழிகாட்டுகிறது. 2007இல் வெளியான ஆய்வு இது. இங்கே குழாய், அங்கே சுண்ணாம்புக் கம்பி. மணி மட்டும் ஒன்று.

இரண்டாம் சாட்சி: கடல் சாமந்தி

கடல் சாமந்தியைத் தாவரம் என்று நினைத்துப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அது சொறி மீனுக்கு உறவான விலங்கு. தலையில்லை, மூளையில்லை, வாய் ஒன்றே, அதுவே கழிவு வாயிலும். பாடங்களில் இதைக் 'கீழின விலங்கு' என்று ஏணியின் அடிப்படியில் நிறுத்துவது வழக்கம். பழ ஈயோ கண்ணும் சிறகும் காலும் கொண்டு எவ்வளவோ மேற்படியில் நிற்கிறது.

2005இன் தொடக்கத்தில் வெளியான ஓர் ஆய்வு இந்த ஏணியை உலுக்கியது. நெமட்டோஸ்டெல்லா என்ற சிறு கடல் சாமந்தியில் வின்ட் ஜீன்களைத் தேடினார்கள். மனிதனுடைய 19 வின்ட் ஜீன்களை 12 கிளைக்குடும்பங்களாகப் பிரிப்பார்கள். அந்த 12இல் 11 சாமந்தியிடம் இருந்தன! பழ ஈயிடம் இருப்பவையோ மொத்தமே 7 வின்ட் ஜீன்கள்தாம். ஈ குறைவாகப் பெற்றதா? இல்லை. பாட்டனார் காலத்தில் இருந்த சொத்தின் ஒரு பகுதியை அதன் முன்னோர்கள் வழியிலே இழந்துவிட்டார்கள். சாமந்தியின் வம்சமும் நம் வம்சமும் அவற்றைக் காப்பாற்றி வந்திருக்கின்றன.

நாமும் இழக்காதவர்கள் அல்லர். 'வின்ட்-ஏ' என்ற கிளை வண்ணத்துப்பூச்சியிலும் கடல் முள்ளெலியிலும் உண்டு, முதுகெலும்பிகளில் இல்லை. ஒரு பெரிய குடும்பத்தின் வம்சாவளியைப் போன்றதே ஜீன் குடும்பமும். ஒரு கிளை பெருகும். ஒரு கிளை அற்றுப்போகும். கிளைகள் அதிகமுள்ள வீடு உயர்ந்தது என்றோ குறைந்த வீடு தாழ்ந்தது என்றோ சொல்ல இடமில்லை.

2007இல் இந்தச் சாமந்தியின் முழு ஜீனோமும் படிக்கப்பட்டது. சுமார் 18,000 ஜீன்கள். ஜீன்களின் உள்ளமைப்பிலும், குரோமோசோமில் அவை அடுக்கப்பட்டிருக்கும் முறையிலும் அது ஈயைவிட நமக்கு அதிகமாக ஒத்திருந்தது. சாமந்தியின் கருவில் வின்ட் ஜீன்கள் வாய் முனையிலிருந்து எதிர் முனை நோக்கி, ஒன்றன் எல்லைக்குள் ஒன்று அடங்கியதாக, வட்ட வட்டமாக இயங்குகின்றன. ஹாக்ஸ் ஜீன்கள் நம் உடலின் நீளத்தை வகுப்பதுபோல, இவை அதன் உடலின் நீளத்தை வகுக்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இதில் நூலுக்குள்ள பாடம் என்ன? விலங்குகளின் பொதுக் கருவிகள் மிகப் பழையவை என்ற கரோலின் வாதம் இன்னும் வலுப்பெறுகிறது. இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் நினைத்ததைவிடவும் பெட்டி பழையது, நிறைந்தது. ஆனால் அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்பதை ஈயைக் கொண்டு அளக்க முடியாது என்பதும் வெளிப்படையாகிறது. ஈயிடம் இல்லாமல் மனிதனிடம் இருப்பதெல்லாம் பிற்காலத்துப் புதுமை என்று எண்ணினால் ஏமாந்துபோவோம். நூல் அச்சேறிய காலத்திலேயே வந்த செய்தி இது. ஆகவே ஆசிரியரைக் குறை கூறுவதற்கில்லை. இன்று படிப்பவர் இதைச் சேர்த்துப் படிக்காவிட்டால் அது நம் குறை.

மூன்றாம் சாட்சி: வரிசை குலைந்தவர்கள்

ஹாக்ஸ் ஜீன்கள் குரோமோசோமில் எந்த வரிசையில் உள்ளனவோ, ஏறக்குறைய அதே வரிசையில் உடலில் தலை முதல் வால் வரை இயங்குகின்றன. நூலின் மிக அழகான செய்திகளில் இது ஒன்று. படிப்பவர் மனத்தில் இது ஒரு விதிபோல் பதிந்துவிடும். கடலுக்கு வாருங்கள்.

ஆய்க்கோப்ளூரா என்ற மில்லிமீட்டர் அளவு உயிர் கடலின் மேல்மட்டத்தில் மிதக்கிறது. நமக்குத் தூரத்து உறவு. வாழ்நாள் முழுதும் முதுகுத்தண்டுக்கு முன்னோடியான தண்டு அதன் வாலில் உண்டு. 2004இல் வெளியான ஆய்வு, அதன் ஹாக்ஸ் தொகுதி சிதறிப்போயிருக்கிறது என்று காட்டியது. எஞ்சிய 9 ஜீன்கள் ஜீனோமின் வெவ்வேறு இடங்களில் கிடக்கின்றன. ஆயினும் உடலின் முன்பின் ஒழுங்கு கலையவில்லை. அது மட்டுமன்று. முதுகெலும்பிகளின் கருவில் முன்பின் வரிசையை வகுக்க உதவும் சமிக்ஞைகளில் ஒன்று, வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் ரெட்டினாயிக் அமிலம். ஆய்க்கோப்ளூராவில் இந்த அமிலத்தை உண்டாக்கும் முக்கிய ஜீன்களும் இல்லை; ஏற்கும் ஏற்பியின் ஜீனும் இல்லை என்று 2007இல் கண்டார்கள். கருவி தொலைந்தது, வீடு நிற்கிறது!

கடல் முள்ளெலிக்கு வருவோம். அதன் ஜீனோம் 2006இல் வெளியாயிற்று. சுமார் 23,300 ஜீன்கள். 11 ஹாக்ஸ் ஜீன்கள் ஒரே தொகுதியாக உள்ளன. ஆனால் வரிசை இடம் மாறிக் கிடக்கிறது. ஐந்து பக்கச் சமச்சீர் கொண்ட வினோத உடலுக்கு இந்தக் குளறுபடிதான் காரணமோ என்ற ஊகம் உடனே எழுந்தது. கேட்கக் கவர்ச்சியான ஊகம். 2014இல் முட்கிரீட நட்சத்திர மீனின் ஹாக்ஸ் தொகுதி படிக்கப்பட்டபோது அது பெரிதும் ஒழுங்காகவே இருந்தது. நட்சத்திர மீனுக்கும் ஐந்து பக்கச் சமச்சீர்தான். ஊகம் சரிந்தது.

பின் ஐந்து பக்க உடலின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது? 2023இல் வந்த விடை எவரும் எதிர்பாராதது. மற்ற விலங்குகளில் தலைப்பகுதியை வகுக்கும் ஜீன்கள் நட்சத்திர மீனின் ஒவ்வொரு கையிலும் நடுக்கோட்டிலிருந்து ஓரம் நோக்கி அணிவகுத்து நிற்கின்றன. உடற்பகுதிக்குரிய ஜீன் வரிசையை அதன் தோற்படலத்தில் ஏறக்குறையக் காணவே முடியவில்லை. ஜீன்களின் கண்கொண்டு பார்த்தால், நட்சத்திர மீனின் மேற்புறம் பெரும்பாலும் தலையே!

'தலைமை ஜீன்' என்ற சொல்

இம்மூன்று சாட்சிகளையும் கேட்டபின், நூலில் புழங்கும் 'தலைமை ஜீன்' என்ற சொல் உறுத்துகிறது. ஒரு ஜீன் ஆணையிட, மற்றவை கீழ்ப்படிவதாக அது ஒரு காட்சியை எழுப்புகிறது. கடல் முள்ளெலியின் கருவை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த எரிக் டேவிட்சன் 2002இல் தம் குழுவினரோடு வெளியிட்ட ஜீன் இணைப்பு வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். குடலையும் எலும்புச் சட்டத்தையும் உண்டாக்கும் பத்துக்கணக்கான ஜீன்கள் அதில் ஒன்றையொன்று தூண்டுகின்றன, தடுக்கின்றன, பூட்டி நிறுத்துகின்றன. சிம்மாசனம் அங்கே இல்லை, வலைதான் இருக்கிறது. 2003இல் அவ்வலையின் ஒரு பகுதியை நட்சத்திர மீனில் ஒப்பிட்டார்கள். இரு வம்சங்களும் பிரிந்து ஏறக்குறைய 50 கோடி ஆண்டுகள் ஆனபின்னும் குடலை வகுக்கும் நடுமுடிச்சு மாறாதிருந்தது; அதைச் சுற்றியுள்ள இழைகள் பல மாறியிருந்தன. எது மாறாது, எது மாறும் என்ற கேள்விக்கு, தனி ஜீன்களை எண்ணுவதைவிட இந்த முடிச்சுகளைப் பார்ப்பதே நல்ல விடை தருகிறது.

நூலின் மூன்றாம் படிக்கும் ஒரு மறுப்பு உண்டு. வடிவ மாற்றம் பெரும்பாலும் சுவிட்சுகளின் மாற்றமே என்ற முடிவு அவசரமானது, புரதங்களின் மாற்றத்துக்கும் போதிய சான்றுகள் உள்ளன என்று ஹோக்ஸ்ட்ராவும் கோய்னும் 2007இல் வாதிட்டார்கள். இதற்கு ஓர் உதாரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஈயின் வயிற்றுப் பகுதியில் கால் முளைக்காமல் தடுப்பது ஒரு ஹாக்ஸ் புரதம். நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் வாழும் ஆர்ட்டீமியா என்ற சிறு இறாலிடம் உள்ள அதே புரதத்தை ஈயின் கருவில் இயங்கச் செய்தால், கால் அவ்வாறு தடைபடுவதில்லை. புரதத்தின் ஒரு பகுதியே பூச்சிகளின் வம்சத்தில் மாறிவிட்டிருக்கிறது. 2002இல் இதை மெக்கினிஸ் குழுவினர் காட்டினார்கள். அதே ஆண்டில் வேறு விலங்கை ஒப்பிட்டு இதே முடிவைக் கண்ட இன்னொரு சோதனைக்கூடம் எது தெரியுமா? கரோலின் சோதனைக்கூடமே! ஆராய்ச்சியாளர் கரோல் நூலாசிரியர் கரோலைவிட நிதானமானவர் என்று இதனால் தெரிகிறது.

படிக்கலாமா?

கட்டாயம் படிக்கலாம். சுவிட்சுகளைப் பற்றிய பகுதியை இருமுறை படியுங்கள். ஆனால் மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். இந்தச் சுவிட்சைப் போடச் சொன்ன செய்தி எந்தச் செல்லிலிருந்து வந்தது? இங்கே சொல்லப்படும் விதி ஈக்கு மட்டும் உரியதா, விலங்குலகுக்கே உரியதா? இது புதிதாகத் தோன்றியதா, அல்லது மற்றவர்கள் இழந்ததை இவர்கள் காப்பாற்றியதா?

தமிழில் அறிவியல் எழுதுவோர்க்கும் கற்பிப்போர்க்கும் இந்நூல் ஒரு பொறுப்பை உணர்த்துகிறது. உவமை இல்லாமல் அறிவியலைப் பரப்ப முடியாது. ஆனால் நல்ல உவமை ஒரு கைவிளக்கு. அதைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், அதையே ஊர் என்று நினைக்கக் கூடாது. 'கட்டட வரைபடம்' என்ற பழைய உவமையை 'கருவிப்பெட்டி' வெளியேற்றியது நல்லதே. இப்போது கருவிப்பெட்டிக்குப் பக்கத்தில் பள்ளி மணியையும் குடும்ப வம்சாவளியையும் வைத்துச் சொல்லிக்கொடுப்போம். முதலாவது, சமிக்ஞையின் பொருள் கேட்கும் செல்லில் இருக்கிறது என்று உணர்த்தும். இரண்டாவது, ஜீன்கள் பெருகவும் செய்யும், அற்றுப்போகவும் செய்யும் என்று உணர்த்தும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஏணியை வகுப்பறையிலிருந்து அகற்றுவோம். தலையில்லாத சாமந்தி நம் ஜீன் சொத்தை ஈயைவிடக் கவனமாகக் காத்துவந்திருக்கிறது. உடலே தலையான நட்சத்திர மீன் நமக்கு ஈயைவிட நெருங்கிய உறவு. இவற்றைக் கீழினம் என்று எழுதி மதிப்பெண் வாங்கும் மாணவர், நாளைக்கு இவற்றை ஆராய வேண்டும் என்று எப்படி ஆசைப்படுவார்? மன்னார் வளைகுடாவின் கரையில் வாழ்கிற நமக்கு இக்கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வி அன்று.